இலக்கும் எட்டியது, மன்னிப்பும் கேட்டார்கள்: 2014 பிக் பில்லியன் டே விற்பனையிலிருந்து ஒரு தள்ளுபடி ஆய்வு

2014 அக்டோபர் 6, திங்கட்கிழமை. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தபோது ஃப்ளிப்கார்ட் ஒரே ஒரு நாள் விற்பனையை அறிவித்திருந்தது. பெயர் ‘பிக் பில்லியன் டே’. காலை 8 மணிக்குத் தொடங்கியது. நாள் முழுவதற்கும் வைத்திருந்த இலக்கு 10 கோடி டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 600 கோடி ரூபாய். அதைப் பத்து மணி நேரத்திலேயே எட்டிவிட்டதாக நிறுவனம் அன்றே சொன்னது. மறுநாள் நிறுவனர்கள் சச்சின் பன்சாலும் பின்னி பன்சாலும் வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சலில் மன்னிப்புக் கேட்டார்கள்.

அந்தக் கடிதம் நான்கு குறைகளை ஒப்புக்கொண்டது. விலை முன்னும் பின்னுமாக மாறியது. ஸ்டாக் சில நிமிடங்களில், சில பொருள்களுக்குச் சில நொடிகளில், தீர்ந்தது. ஏற்றுக்கொண்ட ஆர்டர்களில் சிலவற்றை ரத்து செய்ய வேண்டி வந்தது. தளம் அவ்வப்போது விழுந்தது. பேச்சில் நிலைத்தது நான்காவது மட்டும்தான்; “கூட்டம் தாங்காமல் சைட் படுத்துவிட்டது” என்று இன்றும் சொல்வார்கள். ஒரு கடைக்காரர் கவனிக்க வேண்டியவை மற்ற மூன்றும். சர்வரைக் கூட்டிவிடலாம். தவறான விலையும் இல்லாத ஸ்டாக்கும் அப்படிச் சரியாகாது.

விளம்பரத்தில் ஒரே ஒரு எண்தான் வரும், சதவீதம். அந்தச் சதவீதத்தைத் தாங்கி நிற்பவை மூன்று எண்கள்: எந்த விலையிலிருந்து குறைக்கிறோம், எத்தனை உருப்படிக்குக் குறைக்கிறோம், எந்த மணியிலிருந்து எந்த மணி வரை. இந்த மூன்றையும் பூட்டி வைக்காமல் சதவீதத்தை மட்டும் ஊருக்குச் சொன்னதால்தான் அன்று அத்தனையும் நடந்தது. பத்தாயிரம் பேர் கொண்ட வாடிக்கையாளர் பட்டியலோடு சேலையோ மசாலாப் பொடியோ விற்கும் சிறிய தளத்துக்கும் இது அப்படியே பொருந்தும்.

எந்த விலையிலிருந்து?

அன்றைய முதல் புகார் இதுதான். முந்தைய நாள்களில் பார்த்து வைத்திருந்த பொருளின் விலை விற்பனை நாளில் உயர்ந்திருப்பதாகவும், உயர்த்திய விலையிலிருந்து தள்ளுபடி காட்டுவதாகவும் பலர் சமூக வலைத்தளங்களில் திரைப்பிடிப்புகளோடு எழுதினார்கள். நிறுவனத்தின் விளக்கம்: பல வாரங்களாகச் சலுகைகளைத் தயார்செய்துகொண்டிருந்ததில், சில பொருள்களின் விலை சில மணி நேரத்துக்குத் தள்ளுபடி இல்லாத பழைய விலைக்கு மாறிவிட்டது.

இந்த விளக்கத்தை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் நம் தளங்களிலும் இதே வழியாகத்தான் பிசகு வரும். ஒரு பொருளின் எம்ஆர்பி ரூ.1,999 என்று வைப்போம். நான்கு மாதமாக அதை ரூ.1,199-க்கு விற்றுவருகிறோம். விழா நாளில் ரூ.999. விளம்பரத்தில் ‘50% தள்ளுபடி’ என்று போட்டால், எம்ஆர்பி-யோடு ஒப்பிட்டு அது சரி. ஆனால் போன வாரம் கார்ட்டில் போட்டு வைத்தவர் கண்ணுக்கு ரூ.1,199 ரூ.999 ஆகியிருக்கிறது; குறைந்தது ரூ.200, அதாவது 16.7%. அவரிடம் 50% என்று சொன்னால் அடுத்த தடவை நம் பேச்சை நம்ப மாட்டார். இன்னொரு விபத்தும் உண்டு: புதிய சலுகை விலையை ஏற்ற, பழைய சலுகையை முதல் நாள் மாலையே நீக்கிவிடுவார்கள். அந்த இடைவெளியில் பொருள் ரூ.1,999-க்கு நிற்கும். நோக்கம் நல்லதாக இருந்தாலும், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ‘ஏற்றிவிட்டு இறக்குகிறார்கள்’ என்பதுதான் தெரியும்.

ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு ஒரு தெளிவான அளவுகோல் வைத்திருக்கிறது. 2022 மே 28 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, தள்ளுபடி அறிவிக்கும்போது காட்டும் ‘பழைய விலை’, அதற்கு முந்தைய 30 நாள்களில் அந்தக் கடை உண்மையில் விற்ற மிகக் குறைந்த விலையாக இருக்க வேண்டும். இந்தியாவில் அப்படி ஒரு விதி இல்லாவிட்டாலும், தானாகவே கடைப்பிடிப்பது நல்லது. அதற்குச் செய்ய வேண்டியது எளிது. விற்பனைக்கு 35 நாள் முன்பிருந்தே தினமும் ஒரு தடவை விலைப் பட்டியலை சிஎஸ்வி கோப்பாக (எக்செல்லில் திறக்கும் எளிய அட்டவணைக் கோப்பு) ஏற்றுமதி செய்து, தேதிப் பெயரில் சேமியுங்கள். விற்பனைக்கு ஐந்து நாள் முன் அந்தக் கோப்புகளிலிருந்து ஒவ்வொரு பொருளுக்கும் மிகக் குறைந்த விலையை எடுங்கள். அடித்துக் காட்டும் விலை அதுதான். எம்ஆர்பி-யைக் காட்டியே ஆக வேண்டுமென்றால் ‘எம்ஆர்பி’ என்று பெயர் சொல்லித் தனியாகக் காட்டுங்கள். சதவீதத்தை அதிலிருந்து கணக்கிடாதீர்கள்.

அடுத்து, விலையை எங்கே மாற்றுவது? மூலவிலைக் கட்டத்தில் கை வைக்கவே கூடாது. வேர்ட்பிரஸ் தளத்தைக் கடையாக்கும் செருகுநிரலான வூகாமர்ஸில் ஒவ்வொரு பொருளுக்கும் வழக்கமான விலை, சலுகை விலை என்று இரண்டு கட்டங்கள் உண்டு. சலுகை விலைக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் போடலாம். வழக்கமான விலையை மாற்றிவிட்டுப் பிறகு நினைவாகத் திரும்ப மாற்றலாம் என்று இருப்பவர்கள்தான் 300 பொருளில் 11-ஐ மறந்துவிடுகிறார்கள். சலுகை ஒரு மேல் உறை போல வந்து, தேதி முடிந்ததும் கழன்றுவிட வேண்டும். அடியில் மூலவிலை அப்படியே இருக்க வேண்டும்.

தேதிக் கட்டத்திலும் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. முதலாவது நேர மண்டலம். வேர்ட்பிரஸ்ஸைப் புதிதாக நிறுவும்போது அது பெரும்பாலும் யுடிசி-யில், அதாவது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரத்தில், இருக்கும். அதைப் பார்க்காமல் நள்ளிரவு 12 மணிக்கு என்று வைத்த சலுகை நம் ஊரில் விடியற்காலை 5.30-க்குத்தான் தொடங்கும். பொது அமைப்புகளில் ‘கொல்கத்தா’வைத் தேர்ந்தெடுங்கள்; ‘சென்னை’ அந்தப் பட்டியலில் இருக்காது. இரண்டாவது, வேர்ட்பிரஸ்ஸின் தானியங்கிப் பணிகள் யாராவது தளத்தைத் திறக்கும்போதுதான் உயிர்பெறும். இரவில் வருகை குறைவான கடையில் 12 மணிக்கு மாற வேண்டிய விலை முதல் ஆள் வந்த பிறகே மாறும். சர்வரின் சொந்த கிரான் (குறித்த நேரத்தில் பணிகளை ஓட்டும் வசதி) வழியாக ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அந்தப் பணியை ஓட வையுங்கள். அதோடு பக்கத் தற்காலிகச் சேமிப்பை, கேஷ் என்பார்களே, அதை விலை மாறிய உடனே காலி செய்ய வேண்டும். இல்லையென்றால் பொருள் பக்கத்தில் ஒரு விலையும் கார்ட்டில் வேறு விலையும் தெரியும். இந்த ஒரு காரணத்துக்காகவே பலர் கார்ட்டை விட்டுப் போய்விடுவார்கள், புகார்கூட எழுத மாட்டார்கள்.

தாங்குமா என்ற கணக்கு

சதவீதத்தை முடிவு செய்வதற்கு முன் ஒரே ஒரு பொருளுக்காவது இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட வேண்டும். கணக்குக்காக ஒரு பொருள்: வரி நீக்கி விற்பனை விலை ரூ.1,000. அசல் ரூ.600. பேக்கிங்கும் கூரியரும் ரூ.80. இணையத்தில் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வேக்கு 2%, அதாவது ரூ.20. கையில் நிற்பது ரூ.300.

இப்போது 20% தள்ளுபடி. விலை ரூ.800. அசல் அதே 600, கூரியர் அதே 80, கேட்வே ரூ.16. மிச்சம் ரூ.104. விலை ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது. லாபத்திலோ மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மிஞ்சியது. முன்பு 100 விற்றுக் கிடைத்த அதே பணம் கிடைக்க இப்போது 289 விற்க வேண்டும். 30% என்றால் மிச்சம் ரூ.6. அதில் ஒரு பொருள் திரும்பி வந்தாலே இருபதுக்கும் மேற்பட்ட ஆர்டர்களின் லாபம் போய்விடும்.

திரும்பி வருவதைத் தனியாகப் பார்க்க வேண்டும். தள்ளுபடி நாளில் சிஓடி (பொருள் கைக்கு வந்தபின் பணம் தரும்) ஆர்டர் கூடும், வீட்டு வாசலில் ‘வேண்டாம்’ என்று திருப்பி அனுப்புவதும் கூடும். போக 80, வர 60 என்று வைத்தால், திரும்பி வரும் ஒவ்வொன்றும் ரூ.140 நட்டம். 100 ஆர்டரில் 20 திரும்பினால் 80 × 104 = 8,320; கழிக்க வேண்டியது 20 × 140 = 2,800; மிச்சம் ரூ.5,520. ஆர்டருக்கு ரூ.104 என்று நினைத்தது ரூ.55 ஆகிவிட்டது. அதனால் ஆழமான சலுகைப் பொருள்களுக்கு சிஓடி-யை நிறுத்தி வைப்பதோ, முன்பணமாகக் கூரியர் தொகையை மட்டும் வாங்குவதோ முறைதான். ஆனால் அதைப் பொருள் பக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும், செக்அவுட்டின் கடைசிப் படியில் சொல்லக் கூடாது.

ஆடித் தள்ளுபடியை மக்கள் நம்புவதற்குக் காரணம் இருக்கிறது. ஆடியில் கல்யாணம் கிடையாது, ஜவுளி நகராது, தீபாவளிச் சரக்குக்கு இடம் வேண்டும். கடைக்காரர் ஏன் குறைக்கிறார் என்பது வாங்குபவருக்கே தெரியும். இணையக் கடையின் சலுகைக்கும் அப்படி ஒரு காரணம் வேண்டும்: பழைய ஸ்டாக்கைக் கழிப்பது, முதல் தடவை வருபவரை வாங்க வைப்பது, ஆர்டர் மதிப்பைக் கூட்டுவது. மூன்றில் ஒன்றுதான். பழைய ஸ்டாக்குக்கு அந்தப் பொருளின் விலையைக் குறைக்க வேண்டும். புதியவருக்கு ஒரு தடவை செல்லும் கூப்பன் போதும். ஆர்டர் மதிப்பைக் கூட்ட, சராசரி ஆர்டர் தொகைக்குச் சற்று மேலே குறைந்தபட்ச வரம்பு வைக்க வேண்டும். சராசரி ரூ.1,100 என்றால் வரம்பு ரூ.1,400 அல்லது 1,500, ரூ.3,000 என்று வைத்தால் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். மூன்றையும் ஒரே விற்பனையில் கலந்தால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது.

எத்தனை உருப்படிக்கு?

2014-இல் பலரின் மனத்தைப் புண்படுத்தியது ஆர்டர் ரத்துதான். ஸ்டாக் தீர்ந்துவிட்டது என்றால் ஏமாற்றம். பணம் கட்டி, உறுதிச் செய்தி வந்து, பிறகு ரத்து என்றால் அது வேறு. ஒரே நேரத்தில் பலர் ஒரே பொருளை ஆர்டர் செய்ததுதான் காரணம் என்றது கடிதம். அது நொண்டிச் சாக்கு இல்லை, தொழில்நுட்பத்தில் நன்கு அறிந்த நிகழ்வு.

கடைசி ஒரு பீஸ் இருக்கிறது. முதல் ஆளின் செக்அவுட் ‘ஸ்டாக் எத்தனை?’ என்று கேட்கிறது. ‘ஒன்று’ என்று பதில். அது பணம் வாங்கப் போகும் அரை நொடிக்குள் இரண்டாவது ஆளின் செக்அவுட்டும் கேட்கிறது; இன்னும் குறைக்கவில்லை, அதனால் அதற்கும் ‘ஒன்று’ என்றே பதில். இருவரும் பணம் கட்டிவிடுகிறார்கள். பார்ப்பது ஒரு படி, குறைப்பது இன்னொரு படி என்று இருக்கும்வரை இது நடக்கும். ‘பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் ஒன்றைக் குறை, இல்லையென்றால் மறு’ என்று தரவுத்தளத்துக்கு ஒரே கட்டளையாகப் போக வேண்டும். நீங்கள் நிரல் எழுதாதவராக இருந்தாலும், தளம் செய்து கொடுத்தவரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: “ஸ்டாக்கைப் பார்ப்பதும் குறைப்பதும் ஒரே படியா?” சோதிக்கவும் வழி உண்டு. ஸ்டாக் 1 என்று வைத்த சோதனைப் பொருளை நான்கு கைப்பேசிகளில் பணம் செலுத்தும் பக்கம்வரை கொண்டுபோய், நான்கிலும் ஒரே நேரத்தில் தட்டுங்கள். ஒரு ஆர்டர்தான் விழ வேண்டும்.

அடுத்தது, பணம் வராத ஆர்டர்கள் ஸ்டாக்கைப் பிடித்து வைத்திருக்கும் நேரம். வூகாமர்ஸில் இது இயல்பாக 60 நிமிடம். சாதாரண நாளுக்குச் சரி. விற்பனை நாளில் 50 பீஸ்தான் இருக்கிறது, 30 பேர் யுபிஐ திரையைத் திறந்துவிட்டு மறந்துவிட்டார்கள் என்றால், அந்த 30-ம் ஒரு மணி நேரம் முடங்கிக் கிடக்கும்; உண்மையாக வாங்க வந்தவருக்கு ‘ஸ்டாக் இல்லை’ என்று காட்டும். அதை 15 நிமிடமாகக் குறையுங்கள். ஐந்துக்குக் கீழே போகாதீர்கள்: வங்கியிலிருந்து உறுதி தாமதமாக வந்து, அதற்குள் பொருள் விடுபட்டு வேறொருவருக்குப் போயிருந்தால், மீண்டும் அதே இரட்டை விற்பனைதான்.

சலுகைக்கான எண்ணிக்கையைத் தனியாகப் பிரித்து வையுங்கள். கிடங்கில் 200 இருந்து 50-க்கு மட்டும் சலுகை என்றால், அந்த 50 தீர்ந்ததும் பொருள் காணாமல் போகக் கூடாது. வழக்கமான விலைக்குத் திரும்ப வேண்டும். அதே சரக்கை உங்கள் தளத்திலும் இரண்டு சந்தைத் தளங்களிலும் (பல விற்பனையாளர்கள் விற்கும் ஃப்ளிப்கார்ட் போன்றவை) போட்டிருந்தால், மூன்றுக்கும் ஸ்டாக் ஒத்திசைவது பெரும்பாலும் சில நிமிடங்களுக்கு ஒரு தடவைதான். அந்த இடைவெளியில் மூன்று இடத்திலும் ஒரே பீஸ் விற்கும். விற்பனை நாளுக்கு மட்டும் ஒத்திசைவை நிறுத்திவிட்டு, இங்கே 120, அங்கே 50, இன்னொன்றில் 30 என்று கையால் பங்கிட்டுவிடுவதே நிம்மதி. முதல் நாள் மாலை கிடங்கில் கையால் எண்ணுங்கள். கணினியில் 50, அலமாரியில் 48 என்பது எல்லாக் கடையிலும் உள்ளதுதான். 47-ஐ மட்டும் விற்பனைக்குத் திறந்து மீதியைச் சேதத்துக்கும் மாற்றிக் கொடுப்பதற்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியும் கூடுதலாக விற்றுவிட்டால், யாருக்குக் கொடுப்பது என்ற முடிவு முன்பே எழுதி வைத்ததாக இருக்க வேண்டும். பணம் வந்து சேர்ந்த நேர வரிசை நியாயமானது. மீதிப் பேருக்கு அன்றே தொலைபேசியில் சொல்லி, இரண்டு வழி கொடுங்கள்: முழுப் பணம் திரும்ப, அல்லது அதே விலைக்கு மறு ஸ்டாக் வரும் தேதி. 2020-இல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளில் இதையொட்டி ஒரு நியாயம் இருக்கிறது: கடை தானாக ரத்து செய்யும்போது அதே அளவு தொகையைத் தானும் ஏற்காவிட்டால், வாடிக்கையாளர் ரத்து செய்யும்போது அவரிடம் கட்டணம் பிடிக்கக் கூடாது.

கூப்பன் கட்டங்களில் நடக்கும் பிழைகள்

வூகாமர்ஸ் கூப்பன் திரையில் கட்டங்கள் அதிகம் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வழக்கமான பிழை உண்டு.

‘அதிகபட்சச் செலவு’ என்ற கட்டம்தான் அதிகம் ஏமாற்றுவது. “20% தள்ளுபடி, அதிகபட்சம் ரூ.500 வரை” என்று விளம்பரம் செய்துவிட்டு அதில் 500 என்று போடுவார்கள். அந்தக் கட்டத்தின் பொருளே வேறு: ரூ.500-க்கு மேல் வாங்குபவருக்குக் கூப்பன் செல்லாது. பெரிய ஆர்டர் கொண்டுவருபவரைத்தான் அது திருப்பி அனுப்பும். தள்ளுபடித் தொகைக்கு உச்ச வரம்பு வைக்கும் கட்டம் வூகாமர்ஸில் இயல்பாகக் கிடையாது. கூடுதல் செருகுநிரல் வேண்டும், அல்லது விளம்பரத்தையே ‘ரூ.2,500-க்கு வாங்கினால் ரூ.500 குறைவு’ என்று மாற்றிக்கொள்ள வேண்டும்.

நிலையான தொகைத் தள்ளுபடி இரண்டு வகை. கார்ட்டுக்கு ரூ.100 என்றால் மொத்தத்தில் ரூ.100. பொருளுக்கு ரூ.100 என்றால் ஒவ்வொரு உருப்படிக்கும் ரூ.100, ஆறு பாட்டில் எண்ணெய் வாங்கினால் ரூ.600. முதல் வகையை நினைத்துக்கொண்டு இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் மொத்தமாக வாங்குபவர்கள் ஒரே மாலையில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

காலாவதித் தேதி: அக்டோபர் 31 என்று போட்டால் 31 பிறக்கும் நள்ளிரவிலேயே கூப்பன் செத்துவிடும். 31 முழுவதும் செல்ல வேண்டுமென்றால் நவம்பர் 1 என்று போடுங்கள். கடைசி நாளில்தான் கூட்டம் வரும் என்பதால் இந்தப் பிழையின் விலை அதிகம்.

ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்வதையும் கவனியுங்கள். ரூ.1,000 பொருள் 20% சலுகையில் ரூ.800, அதன்மேல் 10% வரவேற்புக் கூப்பன் போட்டால் ரூ.720. மேலே போட்ட அதே கணக்கில் 600, 80, கேட்வே ரூ.14.40 போக மிச்சம் ரூ.25.60. ‘தனியாக மட்டும் பயன்படும்’, ‘சலுகை விலைப் பொருள்களுக்குச் செல்லாது’ என்ற இரண்டு தெரிவுகளையும் பழைய கூப்பன்களில்கூடத் திறந்து பாருங்கள். ஒரு வருடத்துக்கு முன் யாருக்கோ கொடுத்த, காலாவதி இல்லாத கூப்பன் குறியீடு இணையத்தில் எங்கோ உயிரோடு இருக்கும். ‘ஒருவருக்கு ஒரு தடவை’ என்பது மின்னஞ்சல் முகவரியைப் பார்த்துத்தான் தடுக்கும். வேறு முகவரி கொடுத்தால் கடந்துபோகலாம். அதனால் மொத்தப் பயன்பாட்டு வரம்பையும், உதாரணத்துக்கு 200 என்று, கூடவே வையுங்கள்.

பாதி திரும்பி வந்தால் என்ன செய்வது என்பதும் இப்போதே முடிவாக வேண்டும். ரூ.2,000-க்கு வாங்கினால் ரூ.400 குறைவு. ஒருவர் ரூ.1,200-க்கும் ரூ.800-க்கும் இரண்டு பொருள் வாங்கி, 1,600 கட்டி, பெரியதைத் திருப்புகிறார். தள்ளுபடியை விகிதப்படி பிரித்தால் பெரிய பொருளின் பங்கு ரூ.240, திருப்ப வேண்டியது ரூ.960. இதுவே வாங்குபவருக்குச் சண்டையில்லாத முறை. ரூ.1,200-ஐ முழுதாகத் திருப்பினால் கடைக்குக் கிடைத்தது ரூ.800 பொருளுக்கு ரூ.400.

ஜிஎஸ்டி-யில் ஒரு படிக்கட்டு

பில்லிலேயே காட்டிக் கழிக்கும் தள்ளுபடிக்கு வரி கிடையாது. ஜிஎஸ்டி சட்டத்தின் 15(3) பிரிவு அதை விற்பனை மதிப்பிலிருந்து நீக்கிவிடுகிறது. பிறகு தருகிற கேஷ்பேக் அப்படி எளிதாகக் கழியாது, முழு விலைக்கும் வரி கட்டியிருப்பீர்கள்.

ஆயத்த ஆடை விற்பவர்களுக்கு இன்னொரு நுணுக்கம். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு உருப்படி ரூ.2,500 வரை 5%, அதற்கு மேல் 18%. வரி சேர்த்து ரூ.3,300-க்கு விற்கும் குர்தாவில் வரி நீக்கிய மதிப்பு ரூ.2,796.61, வரி ரூ.503.39. 25% தள்ளுபடியில் ரூ.2,475 ஆகிறது, 5% படிக்கு இறங்கிவிடுவதால் மதிப்பு ரூ.2,357.14, வரி ரூ.117.86. வாங்குபவருக்கு மிச்சம் ரூ.825, கடைக்குக் குறைந்தது ரூ.439.47 மட்டும். படியைத் தாண்டாத 10% தள்ளுபடியைவிட இது கண்ணுக்கும் பெரிது. அதேசமயம் வரி சேர்த்த சலுகை விலை ரூ.2,625-க்கும் ரூ.2,950-க்கும் நடுவில் விழும்படி வைக்காதீர்கள். அந்த இடைவெளியில் 5% போட்டுப் பிரித்தால் மதிப்பு 2,500-ஐத் தாண்டும். 18% போட்டுப் பிரித்தால் 2,500-க்குக் கீழே வரும். பில்லிங் மென்பொருள் எதையாவது ஒன்றைப் போட்டுவிடும், ஆடிட்டர் அதை மார்ச்சில் கண்டுபிடிப்பார்.

கூட்டமும் சட்டமும்

அன்று சுமார் 5,000 சர்வர்களை ஓட வைத்து, வழக்கத்தைவிட 20 மடங்கு வருகைக்குத் தயாராக இருந்ததாகவும், அதையும் மீறிக் கூட்டம் வந்ததாகவும் கடிதம் சொன்னது. சிறிய கடைக்கு இங்கே பாடம் சர்வரை வாங்குவதில் இல்லை, கூட்டத்தைப் பரப்புவதில் இருக்கிறது. 12,000 பேருக்கும் ஒரே நிமிடத்தில் வாட்ஸ்அப் அனுப்பாதீர்கள். 2,000 பேராக ஆறு தொகுதி, அரை மணிக்கு ஒன்று. பழைய வாடிக்கையாளர்கள் முதல் தொகுதியில். எஸ்எம்எஸ் என்றால் டிஎல்டி-யில் (வணிகச் செய்திகளைப் பதிவு செய்யும் தொலைத்தொடர்புத் தளம்) வாசக மாதிரிக்கு ஒப்புதல் வாங்க நாளாகும், கடைசி வாரத்துக்கு விடக் கூடாது. பொருள் பக்கங்கள் கேஷிலிருந்து வரும், சுமை தெரியாது. கார்ட்டும் செக்அவுட்டும் ஒவ்வொரு தடவையும் தரவுத்தளத்தைத் தொடும், விழுவது அங்கேதான். சோதனையையும் அங்கேயே செய்யுங்கள்.

2014 விற்பனைக்குப் பிறகு வணிகர் அமைப்புகள் அரசிடம் புகார் கொண்டுபோயின; அப்போதைய வர்த்தக அமைச்சர் நிர்மலா சீதாராமன் அரசு அதைப் பரிசீலிக்கும் என்றார். 2016 மார்ச்சில் வந்த அந்நிய முதலீட்டு விதி, சந்தைத் தளங்கள் பொருள்களின் விலையை நேரடியாகவோ மறைமுகமாகவோ தீர்மானிக்கக் கூடாது என்றது. அது பெரிய தளங்களுக்கு. எல்லாக் கடைக்கும் பொருந்துபவை பின்னால் வந்த இரண்டு. 2022 ஜூனில் வந்த தவறான விளம்பரத் தடுப்பு நெறிமுறைகள், சலுகை விலையில் விற்கப் போதிய ஸ்டாக் இல்லாமல் ஆசை காட்டி அழைப்பதைத் தடுக்கின்றன. ஸ்டாக் குறைவு என்றால் விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும். 2023 நவம்பரில் வந்தவை 13 வகை மறைமுகத் தந்திரங்களைப் பட்டியலிடுகின்றன. ‘இன்னும் 2 மட்டுமே’ என்று பொய்யாக அவசரப்படுத்துவது அதில் ஒன்று. பக்கத்தைப் புதுப்பித்தால் மறுபடி பத்து நிமிடத்திலிருந்து ஓடும் கடிகாரத்தைத் தளத்திலிருந்து கழற்றிவிடுங்கள்.

அடுத்த வருடம் ஃப்ளிப்கார்ட் செய்த மாற்றம் கவனிக்கத்தக்கது. 2015-இல் விற்பனை அக்டோபர் 13 முதல் 17 வரை ஐந்து நாளாக நீண்டது. எல்லாப் பிரிவுகளையும் ஒரே காலையில் திறக்காமல் நாளுக்கு ஒன்றாகத் திறந்தார்கள். செயலியில் மட்டுமே விற்றார்கள். கூட்டம் நாள்களுக்குப் பிரிந்தது, தயாரிப்பும் பிரிவுவாரியாகப் பிரிந்தது. உங்கள் கடையில் 300 பொருள் இருந்தால், ஒரே நாளில் 300-க்கும் சலுகை வைப்பதைவிட நாளுக்கு 60 என்று ஐந்து நாள் வைத்தால், முதல் நாளில் தெரிந்த பிழையை இரண்டாவது நாளுக்குள் திருத்தலாம்.

மூடும்போது

விற்பனை வென்றதா என்று பார்க்க மொத்த ஆர்டர் எண்ணிக்கை போதாது. தொடங்கும் முன் பட்டியலில் பத்தில் ஒருவரைக் குலுக்கல் முறையில் ஒதுக்கி, அவர்களுக்குக் கூப்பன் அனுப்பாமல் விடுங்கள். 10,000 பேரில் 9,000 பேருக்குக் கூப்பன் போனது. 3% வாங்கினார்கள், 270 ஆர்டர். ஒதுக்கிய 1,000 பேரில் 20 பேர் கூப்பன் இல்லாமலே வாங்கினார்கள், 2%. அப்படியென்றால் அந்த 9,000 பேரிலும் 180 பேர் எப்படியும் முழு விலைக்கு வாங்கியிருப்பார்கள். மேலே சொன்ன அதே பொருளின் கணக்கில், 180 × 300 = ரூ.54,000 வந்திருக்கும்; வந்தது 270 × 104 = ரூ.28,080. ஆர்டர் ஒன்றரை மடங்கு ஆனது, லாபம் ஏறத்தாழ பாதியானது. பழைய ஸ்டாக்கைக் கழிக்க நடத்தியதென்றால் இந்த ரூ.25,920-ஐ அதற்கான செலவாக ஏற்கலாம். விற்பனையைப் பெருக்க நடத்தியதென்றால் சதவீதத்தையோ பொருளையோ மாற்ற வேண்டும். முடிவை உடனே எழுதாமல் இரண்டு வாரம் பொறுங்கள். சலுகையில் முன்கூட்டியே வாங்கிவிட்டவர்கள் அடுத்த நாள்களில் வராமல் இருப்பதும் கணக்கில் வர வேண்டும்.

கடைசி வேலை மறுநாள் காலையில். விலைப் பட்டியலை மீண்டும் சிஎஸ்வி-யாக எடுத்து, விற்பனைக்கு முந்தைய நாள் சேமித்ததன் அருகில் வைத்து, வரிக்கு வரி ஒப்பிடுங்கள். கூப்பன் குறியீட்டை ஒரு தடவை கார்ட்டில் தட்டிப் பாருங்கள், ‘காலாவதியானது’ என்று வர வேண்டும். முகப்புப் பதாகை, விளம்பரக் கணக்குகளில் ஓடும் படங்கள், கார்ட்டை விட்டுப் போனவர்களுக்குத் தானாகப் போகும் மின்னஞ்சல், இந்த மூன்றிலும் பழைய சதவீதம் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அந்த மின்னஞ்சலில்தான் இருக்கும்.